தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு டிஷ்

அந்த வட்டாரத்தில் சிக்னல் என்றால் ஒரே ஆள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஐம்பத்து நான்கு வயது, ஒல்லி. ஏணியில் இருந்து ஒருமுறை விழுந்ததில் இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். தரையில் நடக்கும்போது பார்த்தால், அடப்பாவமே, யாரோ நோயாளி என்று தோன்றும். அதே மனிதர் மொட்டை மாடிக்கு ஏறி, ஒரு கையில் ஸ்பேனரும் இன்னொரு கையில் கீச்கீச்சென்று கத்தும் சிக்னல் மீட்டருமாக நின்றுவிட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். வாயும் நீண்டுவிடும்.

"மாசாமாசம் கம்பெனிக்காரனுக்குக் கப்பம் கட்டறீங்களே, எதுக்கு? இருநூறு சேனல் தர்றான், சரி. நீங்க பாக்கறது எத்தனை? ஆறு. அதுல நாலு சும்மாவே கிடைக்குது. வானத்துல இருந்து ஓசியா கொட்டிக்கிட்டே இருக்கு. உங்க டிஷ் தப்பான பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான் விஷயம்."

விஷயம் உண்மையிலேயே அவ்வளவுதான். கம்பெனியின் செயற்கைக்கோள் வானத்தில் ஓர் இடத்தில், இலவசச் சேனல்கள் வருகிற செயற்கைக்கோள் கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில். இரண்டு நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷின் முகத்தை ஒரு சாண் திருப்பி, மீட்டர் அலறும் இடத்தில் முறுக்கி நிறுத்த வேண்டும். கீழே கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு இலவசப் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டும். முக்கால் மணி நேர வேலை. நட்டைத் தளர்த்தித் தட்டைத் தள்ளும் அந்த நொடியில் கீழே கம்பெனிப் படம் கட்டம் கட்டமாகச் சிதறிக் காணாமல் போகும். அப்போது மேலே நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிரியின் கன்னத்தில் நாலு அறை விட்ட திருப்தி அதில் தெரியும்.

அந்த வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே கம்பெனிக்கு இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். அவர் டிஷ் மாட்டாத மாடி அந்தப் பக்கத்தில் கிடையாது. வெயிலில் சுட்ட தகரக் கூரைகளில் தவழ்ந்து, முழங்காலை உடைத்துக்கொண்டு, கம்பெனிச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனவர். ஒரு மழை நாளில், ஏதோ ஒரு வீட்டு மாடியில் ஸ்பேனரும் கையுமாக நின்றபோது ஃபோன் அதிர்ந்தது. உங்கள் சேவைக்கு நன்றி, நாளை முதல் உங்கள் பகுதியின் பணிகள் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. இரண்டு வரி. எதிரே வந்து சொல்வதற்குக் கூட ஒரு நாதி இல்லை. அவர் அந்த டிஷ்ஷை ஒழுங்காகப் பொருத்தி, ஈரம் இறங்காமல் டேப் சுற்றி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். மறுநாள் கம்பெனிச் சட்டையைக் கிழித்து வண்டி துடைக்கப் போட்டார். ஏணியில் இருந்த கம்பெனி முத்திரையைக் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்தார். அடுத்த வாரமே, தான் மாட்டிய டிஷ்களையெல்லாம் தானே திருப்ப ஆரம்பித்துவிட்டார்.

சரி, இப்படிப்பட்ட மனிதரின் வீட்டு மாடியில் என்ன இருக்கும்? முன்பக்கம், தெருவில் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி, இலவசச் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய டிஷ். பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். அதுதான் விளம்பரப் பலகை. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில் இன்னொரு சின்ன டிஷ். அது ஒரு சாண் தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். மாடிக்கு வந்து யாராவது கேட்டுவிட்டால், "அதுவா, பழைய இரும்பு, தூக்கிப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

பழைய இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கக் கொள்ளைக்காரன் என்று அவர் திட்டித் தீர்த்த கம்பெனிக்கு, மாதம் தவறாமல், நாள் தவறாமல் சந்தா போய்க்கொண்டிருந்தது. எல்லாம் நாலே நாலு நிமிஷத்துக்காக.

அவருடைய மனைவி ஒரு தையற்கடையில் பித்தான் வைக்கிற வேலை பார்த்தவள். கடைக்காரம்மாவோடு ஒருமுறை வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றுக்குப் பார்வையாளராகப் போயிருந்தாள். மேடையில் இருந்தவர்களுக்குப் பதில் தெரியாமல் போக, நிகழ்ச்சி நடத்துகிறவர் கூட்டத்தைப் பார்த்து, சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டம் என்று கேட்டார். இவள் விருட்டென்று எழுந்தாள். மைக்கைக் கையில் பிடுங்கிக்கொண்டு, "நாற்பத்தெட்டு!" என்றாள். அரங்கமே கொல்லென்று சிரித்தது. அவள் அசரவில்லை. "எங்க வீட்டுப் பலகை சின்னதுங்க, அதுல அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் தனக்கே அடக்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நிகழ்ச்சி நடத்துகிறவரும் விடவில்லை. பெயர் என்ன, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று வம்புக்கு இழுத்து நாலு நிமிஷம் பேசவைத்தார். "எங்க வீட்டுக்காரர் போட்ட டிஷ்லதான் இந்த ஊரே உங்களைப் பாக்குது, தெரியுமா?" என்று அவரையே மடக்கினாள். அதை வீட்டுப் பெட்டியில் பதிவு செய்து வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் சிறுநீரகம் கெட்டு அவள் போய்ச் சேர்ந்தாள். அது நடந்து மூன்று வருஷம்.

கம்பெனிப் பெட்டியில் பதிவாவதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் பதிவாகும். அந்தப் பூட்டுக்குச் சாவி, பெட்டிக்குள் செருகியிருக்கும் சின்ன அட்டை. சந்தா நின்றால் அட்டை செத்துவிடும். பட்டியலில் பதிவின் பெயர் அப்படியே இருக்கும், அழுத்தினால் திறக்காது. பெட்டியில் இருந்து வேறெதிலும் இறக்கிக்கொள்ளவும் முடியாது. அந்த வழியையெல்லாம் கம்பெனி எப்போதோ அடைத்துவிட்டது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். திரையை ஃபோனில் படம்பிடித்தும் ஒரு நகல் வைத்திருந்தார். அதில் திரை வரி வரியாக ஓடும், குரல் பானைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். ஒன்றும் இல்லாததற்கு அது இருக்கட்டும் என்று வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு, அப்படியே, உடையாமல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு அந்த நாலு நிமிஷத்தைப் போட்டுப் பார்ப்பார். வாரத்தில் ஒருமுறைக்கு மேல் போட மாட்டார். உள்ளே இருக்கும் டிஸ்க் தேய்ந்துவிடுமாம். பதிவு முடிந்ததும் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். அழிக்கவா, வைத்திருக்கவா? பாழாய்ப்போன பெட்டி, அழி என்பதன் மேல்தான் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கேட்கும். ஒரு தடவை கீழே இறக்கிவிட்டு அழுத்த வேண்டும். ஆயிரம் வீட்டு ரிமோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய கை, அந்த இடத்தில் மட்டும் கண்ணால் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் அழுத்தும். அவர் மகளுக்கு ரிமோட்டைத் தொடவே அனுமதி இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற இருபத்தாறு வயதுப் பெண், அப்பாவின் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

இப்போது இந்தக் கதையின் இன்னொரு ஆள், தபால் அம்மாவிடம் வருவோம்.

இரண்டு மாதமாகச் சிக்னலுக்கு வேலை சரியாக இல்லை. இளவட்டங்களெல்லாம் டிஷ்ஷையே மறந்துவிட்டு ஃபோனில் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நாற்பது வீடு கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். கட்டடத்தின் செயலாளர், எதையும் மூன்று முறை யோசிக்கிற மனிதர், தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"முதல்ல ரெண்டாவது மாடியில ஒரு வீட்டுக்குப் போடுங்க. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன அம்மா. அவங்க நல்லா இருக்குன்னு சொன்னா மத்த வீடெல்லாம் உங்களுக்குத்தான். அவங்க வாயில இருந்து ஒரு குறை வந்துச்சு, ஒருத்தரும் கதவைத் திறக்க மாட்டாங்க. இங்க எல்லாருக்கும் அவங்க சொல்தான்."

நாற்பது வீடு. சிக்னல் மனதுக்குள் கூலிக் கணக்குப் போட்டுவிட்டார்.

தபால் அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவர். பேச்சு முத்திரை குத்தியது போல இருக்கும், வளவளப்பு கிடையாது. வீட்டை ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தார். உள்ளே நாற்காலியில் அவருடைய கணவர், எழுபத்தைந்து வயது, தொலைக்காட்சிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பேர்போன கால்பந்து நடுவர். இப்போது நினைவு போய்க்கொண்டிருந்தது. மனைவியையே சில நாள் யாரோ என்று பார்ப்பார்.

திரையில் ஒரு பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புச் சட்டை, அடர்ந்த மீசை, நாற்பது வயது நடுவர் ஒருவர் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் வலது கையைத் தூக்கினார். அடுத்த நொடி, திரையில் இருந்தவரும் தூக்கினார்.

"அவரேதான்" என்றார் தபால் அம்மா. "பழைய ஆட்டத்தையெல்லாம் திரும்பக் காட்டினாங்கல்ல, அப்போ பதிவு பண்ணி வெச்சது. சாயங்காலம் ஆனா மனுஷன் கால் நிக்காது, வெளிய போகணும், கிரவுண்டுக்கு லேட்டாச்சுன்னு கதவை உடைப்பார். இதைப் போட்டுட்டா போதும், ஒன்றரை மணி நேரம் அசைய மாட்டார். சேனலுக்கும் எழுதிக் கேட்டேன், அந்த டேப்பே இப்போ அவங்ககிட்ட இல்லையாம். இது ஒண்ணுதான் மிச்சம்."

சிக்னல் தலையாட்டினார். அட்டை செருகிய அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவர் வீட்டில் இருக்கும் அதே ரகம், அதே நீல விளக்கு.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தாவை நிறுத்தினால் இது திறக்காது அம்மா, ஃபோனிலாவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அந்த அம்மா சந்தாவை நிறுத்த மாட்டார். அவர் நிறுத்தாவிட்டால் நாற்பது வீடும் நிறுத்தாது. மனிதர் மென்று விழுங்கினார். மாடிக்கு ஏறினார், நட்டைத் தளர்த்தினார், டிஷ்ஷைத் திருப்பினார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

இறங்கி வந்து இலவசப் பெட்டியை மாட்டிச் சேனல்களை வரிசைப்படுத்திக் காட்டினார். தபால் அம்மா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துவிட்டு, பழைய பெட்டியைத் தொட்டுக் கேட்டார்.

"இதுல இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கும்ல, தம்பி?"

"அது உங்க சொந்தப் பெட்டிம்மா. நீங்க வாங்கினது. அதை யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

பார்த்தீர்களா பதிலை? ஒரு சொல் பொய் கிடையாது. வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியையும் இன்னொரு வயர் போட்டு டிவியோடு இணைத்துக் கொடுத்தார். அம்மா நம்பிவிட்டார். சிக்னலே கம்பெனிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இணைப்பைத் துண்டிக்கும்படி அம்மாவைச் சொல்லவைத்தார். எதிர்முனையில் ஒரு பெண் கடகடவென்று ஒப்பித்தாள். சலுகை உண்டு என்றாள். யோசித்துப் பாருங்கள் என்றாள். முப்பது நாளுக்குள் திரும்ப வந்தால் பழைய அட்டையிலேயே தொடரலாம், அதற்குப் பிறகு அட்டை நிரந்தரமாக ரத்தாகிவிடும் என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா" என்றார் சிக்னல்.

"வேண்டாம்மா" என்றார் தபால் அம்மா.

மறுநாளே ஃபோன் வந்தது. "தம்பி, அந்த ஆட்டத்தோட பேர் வருது, அழுத்தினா சந்தா இல்லைன்னு எழுதிக் காட்டுதே?"

"அது ஒண்ணுமில்லைம்மா, பெட்டி அப்டேட் ஆகிட்டு இருக்கும். ரெண்டு நாள் பாருங்க."

ரெண்டு நாள் நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. அடுத்தடுத்து ஃபோன். ஏணியில் நிற்கிறேன், நாளைக்கு வருகிறேன், மீட்டர் ரிப்பேர், உடம்பு சரியில்லை, சாக்குப்போக்குக்கா பஞ்சம்? இதற்கிடையில் கட்டடத்தில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. டிவி நன்றாகத் தெரிகிறதா என்று செயலாளர் கேட்டதற்கு, "படம் நல்லா இருக்கு, அந்தத் தம்பி வேலை சுத்தம்" என்று தபால் அம்மா சொல்லியிருந்தார். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். பழைய பெட்டி விவகாரத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார், அதற்குள் ஊரைக் கூட்டுவானேன் என்று இருந்துவிட்டார்.

நாலாவது மாடி முடிந்தது, மூன்றாவது மாடி முடிந்தது. இரண்டாவது மாடி வழியாகப் போகாமல் இருக்க, பின்பக்கத்து இரும்புப் படிக்கட்டில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார் சிக்னல். கெட்டுப்போன முழங்காலோடு நாலு மாடி. வலியில் உயிர் போனது. போகட்டும்.

இருபதாவது நாளோ என்னவோ, செயலாளர் பேச்சுவாக்கில் சொன்னார். "நேத்து பாவம், நம்ம ரெஃப்ரி ஐயா வீட்டை விட்டு வெளிய போயிட்டார். மெயின் ரோட்டுல, வண்டியெல்லாம் போய்க்கிட்டே இருக்கு, நடுவுல நின்னு கையைத் தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்திருக்கார். ரொட்டிக் கடைக்காரர்தான் பாத்துக் கூட்டிட்டு வந்தார். அந்தம்மா இப்போ வெளிப்பக்கமும் பூட்டுப் போடுது."

சிக்னல் கையில் இருந்த வயரைச் சீவிக்கொண்டே இருந்தார். சீவிச் சீவிச் செம்பே அறுந்துபோயிற்று.

இருபத்தாறாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு. இன்னும் நாலு நாள் இருக்கிறது, டிஷ்ஷைப் பழையபடி திருப்பிவிட்டுக் கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டால் அட்டை உயிர்த்துக்கொள்ளும், ஆட்டம் ஓடும். மணியை அடிக்கக் கையைத் தூக்கினார். உள்ளே தபால் அம்மாவின் குரல் கேட்டது.

"கொஞ்சம் உக்காருங்க. ஆட்டம் இப்போ வந்துடும். தம்பி வந்து சரி பண்ணிடுவாரு. ஐயோ, கையை விடுங்க, வலிக்குது!"

தூக்கிய கை அப்படியே நின்றது. இப்போது சொன்னால், இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்பார். என்ன பதில் சொல்வது? இன்னும் ஒன்பது வீடு பாக்கி. அதுவும் போய்விடும், பெயரும் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், நாலு நாள் இருக்கிறதே. கோழை! கோழைக்குத்தான் எப்போதும் நாளைக்கு என்று ஒரு நாள் கையில் இருக்கும். மணியை அடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

முப்பதாம் நாள் அவர் முதல் மாடி வீட்டுக்காரருக்காக மேலே நின்று டிஷ் திருப்பிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்றாம் நாள், கடைசி வீட்டையும் முடித்துவிட்டு, தபால் அம்மா வீட்டுக்கு வந்தார். ஒன்றும் தெரியாத பாப்பா போல முகத்தை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார், அட்டையை உருவித் துடைத்தார், மறுபடி செருகினார், உதட்டைப் பிதுக்கினார்.

"அட்டை போயிடுச்சும்மா. கம்பெனிக்காரன் பண்ற அயோக்கியத்தனம் இது. நம்ம வீட்டுப் பெட்டி, நம்ம பதிவு, அதுக்கும் பூட்டுப் போட்டுட்டான். எனக்கே இதெல்லாம்... இப்படிப் பண்ணுவான்னு யார் நினைச்சா?"

நாற்காலியில் கணவர் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் ஒரு துணி கட்டியிருந்தது. அதன் மறுமுனை நாற்காலிக் கையில் முடிச்சுப் போட்டிருந்தது.

"நீங்க என்ன பண்ணுவீங்க, தம்பி" என்றார் அந்த அம்மா. "உங்களையும்தான் அவன் வேலையை விட்டுத் தூக்கினான். மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. உக்காருங்க, டீ போடறேன்."

டீ வந்தது. குடித்தார். தம்ளரைக் காலி செய்து வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து, சிக்னல் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய மனைவி விருட்டென்று எழுந்துகொண்டிருந்தாள். அப்போது வாசலில் மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள்.

"சிக்னல் தம்பி வீடு இதுதானேம்மா?"

"ஆமாம்மா, அப்பா உள்ளதான் இருக்கார். வாங்க வாங்க."

முப்பத்தோரு வருஷம் முகவரி படித்தவருக்கு ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய காரியம். தபால் அம்மா ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கணவருக்குத் துணையாக வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி வந்திருந்தார்.

"தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள ஒரு டிஸ்க் இருக்காம்ல, அதைக் கழட்டினா உள்ள இருக்கறதை எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். கையோட கொண்டாந்துட்டேன். உங்களால முடியுமான்னு..."

பேச்சு அங்கேயே நின்றது. திரையில், "நாற்பத்தெட்டு!" என்றாள் சிக்னலின் மனைவி. அரங்கம் சிரித்தது. திரையின் மூலையில் கம்பெனியின் முத்திரை. கீழே அலமாரியில் நீல விளக்கோடு ஒரு பெட்டி. தபால் அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்தார், தன் பைக்குள் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

சிக்னல் எழுந்து நின்றுவிட்டார். நிறுத்தும் பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. அழுத்த வரவில்லை.

"உங்க வீட்டுல கம்பெனி இணைப்பா?" என்றார் தபால் அம்மா. அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, மகளைப் பார்த்துக் கேட்டார்.

மகள் சிரித்தாள். அப்பாவின் கிறுக்கைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. "வெளிய சொல்லிடாதீங்கம்மா. ஊர்ல எல்லார் வீட்டுலயும் பிடுங்கிப் போடுவார், இதை மட்டும் தொட விட மாட்டார். இவங்க எங்க அம்மா. சந்தா ஒரு மாசம் நின்னாக்கூட பதிவு பண்ணினதெல்லாம் பூட்டிக்குமாம், அப்புறம் அம்மாவைப் பாக்கவே முடியாதாம். அதுக்குப் பயந்துக்கிட்டு மூணு வருஷமா கட்டறார்."

"மூணு வருஷமாவா?"

"ஆமாம்மா."

தபால் அம்மா நின்றபடியே திரையைப் பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை, பெயர் சொல்வதை, வீட்டுக்காரர் போட்ட டிஷ்ஷைப் பற்றிப் பெருமை பேசுவதை, ஒன்று விடாமல் கடைசி வரை பார்த்தார். நாலு நிமிஷம். அந்த வீட்டில் அதுவரை அது அவ்வளவு நீளமாக ஓடியதே இல்லை.

"நல்லா சிரிக்கறாங்க" என்றார் மகளிடம். "பத்திரமா வெச்சுக்குங்க."

பிறகு துணிப்பையை மேசை மேல் வைத்தார். சிக்னலைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. கவுன்டரில் பார்சலைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு குரல்.

"அன்னைக்கு நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன், தம்பி."

சொல்லிவிட்டு வாசலை நோக்கித் திரும்பினார்.

"அம்மா, உங்க பை" என்றாள் மகள்.

"இருக்கட்டும். எனக்கு அது வேலைக்கு ஆகாது. அவருக்கு ஸ்பேர் பார்ட்ஸுக்கு உதவும்." செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மா படியிறங்கிப் போனார். கதவைச் சாத்திக்கொண்டுதான் போனார். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. அந்தக் கட்டடத்தில் சிக்னலின் பெயருக்கு இன்று வரை ஒரு குறை கிடையாது. எதிர்க் கட்டடத்துக்கும் அவரையே சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

மகள் துணிப்பையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்த பெட்டியையும் அதன் மேல் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த சீட்டையும் பார்த்தாள். "அவரோட ஆட்டம். யாரும் அழிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அவள் ஒன்றும் அசடு இல்லை.

"அப்பா, அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

திரையில் பெட்டி கேள்வியோடு காத்திருந்தது. அழிக்கவா, வைத்திருக்கவா? வெளிச்சம் வழக்கம் போல மேலே இருந்தது. சிக்னல் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தடவை கீழே இறக்கி, சரிபார்த்து, வைத்திரு என்பதை அழுத்தினார்.